எட்டு பாயிண்ட்

இன்னும் ஒரு நாள், என்கிறது திரையின் மேல்மூலை.
ஏழு நாள் இலவசத்தில் ஆறைத் தின்றாகிவிட்டது.
நாளை நள்ளிரவுக்குப் பிறகு
பேனாவைத் தொட்டால் பேனா கேட்கும்:
மாசம் எவ்ளோ தருவே?

வாடகைக்கு வந்த வீடு. தவணையில் வந்த நாற்காலி.
தண்ணீர் கேன்கூடத் திருப்பித் தரவேண்டியது.
இனி நான் இழுக்கும் கோடும்
ஒண்ணாம் தேதியானால் கதவைத் தட்டுமாம்.

கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறேன்.
இரண்டு காதணி விழா பேனர்,
ஒரு பிரியாணிக் கடை மெனு,
வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி
(தள்ளுபடியை அவர் என்னிடமும் கேட்பார்),
கூட்டினால் சரியாக மென்பொருளுக்கு வரும்.
சோற்றுக்கு இன்னும் நாலு காது குத்தவேண்டும்.

சீசன் டிக்கெட்டும் மாதச் சந்தாதான்.
ஆனால் அது என்னைக்
கொருக்குப்பேட்டையில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது.

ரிச்சி தெருவிலிருந்து அற்புதராஜ்
பென்டிரைவில் கொண்டுவந்த திருட்டுப் பிரதி
மூன்று வருடம் உழைத்தது. விசுவாசமான திருடன்.
அதற்குக் கொம்பு மட்டும் ஒட்டாது.
கௌதமி வெட்ஸ் மோசஸ் என்று அடித்தால்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
மவுசால் இழுத்து இழுத்து
எழுத்துக்கு எழுத்து நானே கல்யாணம் செய்துவைத்தேன்.
போன மாதம் வைரஸ் வந்து
நாற்பது ஜோடிகளை ஒரே இரவில் காணோம்.

ஓசியில் கிடைப்பதும் இருக்கிறது. நல்லதுதான்.
பிளெக்ஸ் கடை இதாயத் ஒத்துக்கொள்ள மாட்டார்.
"நம்ம மிசின்ல செவப்பு காவியா வருதும்மா.
கட்சிக்காரன் வந்து கடைய ஒடைப்பான்."

பதினொன்றரைக்கு இதாயத்தே கூப்பிட்டார்.
"ஒரு கண்ணீர் அஞ்சலி. விடியறதுக்குள்ள ஒட்டணும்.
போட்டோ அனுப்பறேன், ஆள மட்டும் தனியா வெட்டு."

தனிப் படமே எடுத்துக்கொள்ளாத மனிதர்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவராம், பெயர் ஏகாம்பரம்.
யாருடைய வரவேற்பிலோ
பதினோரு பேர் நடுவே கண்ணைச் சுருக்கி நிற்கிறார்.
புள்ளி புள்ளியாக அவரைச் சுற்றிப் பேனாவை நடத்தினேன்.
காதோரம். காலர். மீசையின் நரை.
பத்துப் பேரை அழித்த பிறகும்
இடது தோளில் ஒரு கை இருந்தது.
நான்கு விரல், தேய்ந்த மோதிரம்.
அழித்தால் தோளும் போகிறது.
தோளைப் புதிதாக முளைக்கவைக்க
இந்த வாடகைப் பேனாவுக்கு அரை நொடி. காசே அதற்குத்தான்.
முளைத்தது.
சட்டையின் கோடுகள்கூடப் பொருந்தின.
ரொம்ப நேரம் பார்த்தேன்.
ஒரு படி பின்னால் போனேன்.
கை திரும்பி வந்தது.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

மணி ஒன்றே கால். சந்தா பக்கத்தைத் திறக்கிறேன்.
பெரிய எழுத்தில் மாதக் கட்டணம்.
கீழே, வெளிர் சாம்பலில், எட்டு பாயிண்டில்:
ஓராண்டு ஒப்பந்தம். நடுவில் விலகினால் அபராதம்.
எனக்குத் தெரியும் அந்தச் சாம்பல்.
மூலக்கொத்தளத்துச் சீட்டு கம்பெனி நோட்டீஸில்
நானும் அதே இடத்தில், அதே நிறத்தில்தான் வைத்தேன்.
ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள்.

கார்டு எண். காலாவதி மாதம். முதுகில் உள்ள மூன்று இலக்கம்.
ஓடிபி வருகிறது. கூடவே இதாயத்.

"ஏம்மா, தோள்ல யார் கையோ இருக்கே?
எடுத்துரலாமான்னு அவர் பையனக் கேட்டேன்.
போன வெச்சிக்கினு பேசவே இல்ல.
அப்புறம் சொல்றான்,
அது எங்கம்மா கை, இருக்கட்டும்னு."

ஓடிபிக்கு நேரம் முடிந்துவிட்டது.
மறுபடி அனுப்பவா, என்று நீலத்தில் கேட்கிறது.

வெளியே கூட்ஸ் வண்டி.
அது கடந்து முடியட்டும்.
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.